ஆடியோவுக்கென்றே விற்கும் நெட்வொர்க் சுவிட்ச்: சாதா சுவிட்சைவிட நன்றாக ஒலிக்குமா?

#1 புதுக்காது

வணக்கம். முதலில் என் செட்டப்: ரவுட்டரிலிருந்து கேட் 6 கேபிள், நடுவில் பிளாஸ்டிக் டப்பாவில் ஓர் ஐந்து போர்ட் சுவிட்ச் (பல பெட்டிகளை நெட்வொர்க்கில் இணைப்பது), அதிலிருந்து ஸ்ட்ரீமரும் (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்து ஓட்டும் பெட்டி) நாஸும் (நெட்வொர்க்கில் இணைந்த ஹார்டு டிஸ்க் பெட்டி). ஸ்ட்ரீமரிலிருந்து யூஎஸ்பி வழியே டாக் (டிஜிட்டலை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி), அப்புறம் ஆம்ப், புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். நாஸில் ஃபிளாக் பாட்டுக் கோப்புகள், கூடவே கோபஸ் ஸ்ட்ரீமிங் சந்தா. பாட்டு அறுவதில்லை, இரைச்சலும் இல்லை. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் கொஞ்ச நாளாக ஆடியோ சுவிட்ச் விமர்சனங்களாகப் படித்துத் தூக்கம் கெட்டுவிட்டது. பாஸ் இறுகுகிறதாம், பாடுபவர் இரண்டடி முன்னால் வந்து நிற்கிறாராம். பட்டியலில் இருப்பவை: அப்டோன் ஈதர்ரீஜென், சைலன்ட் ஏஞ்சல் பான் என்8, இங்கிலீஷ் எலக்ட்ரிக் 8ஸ்விட்ச், மெல்கோ எஸ்100. இதெல்லாம் எதற்கு, பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஒன்றைத் தேடிப்பிடி என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது.

எதை வாங்கலாம்? அல்லது எதுவுமே வேண்டாமா?

#2 வால்வு விசிறி

பான் என்8, ஈதர்ரீஜென் இரண்டும் என் ரேக்கில் இருந்திருக்கின்றன. இப்போது இருப்பது ஈதர்ரீஜென். என் காதுக்கு வித்தியாசம் உண்டு. பெரிய வித்தியாசம் என்று சொல்லமாட்டேன். ஸ்பீக்கரை அரை அடி நகர்த்தினால் வரும் மாற்றம் இதைவிடப் பெரிது. மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் அந்த முதல் நொடி இன்னும் தெளிவாகக் கேட்கிறது, நீண்ட நேரம் கேட்டாலும் காது சலிப்பதில்லை. அவ்வளவுதான்.

ஒரு யோசனை. சுவிட்சை மாற்றுவதற்கு முன்னால் அதன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். ஒரு நல்ல லீனியர் பவர் சப்ளை (ஸ்விட்ச்சிங் இரைச்சல் இல்லாத வகை) போட்டபோது சாதா சுவிட்ச்கூட ஆடியோ சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்தது.

#3 பேக்கெட் பிடிப்பவன்

பிழைப்புக்கு நெட்வொர்க் பார்ப்பவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

சிடி தரத்துக்கு வேண்டியது 44,100 × 16 × 2, அதாவது நொடிக்கு 1.41 மெகாபிட். 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவைச் சுருக்காமல் அனுப்பினாலும் 9.2 மெகாபிட்தான். டிஎஸ்டி 256 என்ற கனமான ஆடியோ வடிவம் என்றால் 22.6. உங்கள் பிளாஸ்டிக் டப்பா ஒவ்வொரு போர்ட்டிலும் 1000 மெகாபிட் தாங்கும். வேகம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமின் (கம்பியில் போகும் டேட்டாப் பொட்டலம்) வாலிலும் 32 பிட் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஒரு பிட் புரண்டாலும் ஃபிரேம் குப்பைக்குப் போய்விடும். கோபஸும் சரி, நாஸிலிருந்து யூபிஎன்பி என்ற வீட்டு நெட்வொர்க் முறையில் வருவதும் சரி, டிசிபி என்ற நெறிமுறையில் ஓடுகின்றன. விழுந்த பேக்கெட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளும். சரியாக வரும், இல்லையென்றால் வராது. 'வந்தது, ஆனால் பாஸ் மட்டும் கொஞ்சம் மெலிந்து வந்தது' என்று ஒரு நிலை அங்கே கிடையாது.

வந்த டேட்டா ஸ்ட்ரீமரின் நினைவகத்தில் போய்ச் சேர்கிறது. மாடித் தொட்டிக்கு மோட்டார் விட்டு விட்டு ஏற்றினாலும் கீழே குழாயில் தண்ணீர் சீராகத்தான் வரும். பேக்கெட் முன்பின்னாக வருவதும் அப்படித்தான்.

நம்பாதவர்கள் பாட்டு ஓடும்போது ஸ்ட்ரீமரின் பின்னால் இருக்கும் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்ட்ரீமரைப் பொறுத்துச் சில நொடிகளோ, முழுப்பாட்டுமோ தொடர்ந்து ஓடும். அந்த நேரத்தில் சுவிட்சும் இல்லை, அதன் கிளாக்கும் (தாளம் கொடுக்கும் உள்கடிகாரம்) இல்லை, அடாப்டரும் இல்லை. ஒலி மாறுகிறதா?

#4 வால்வு விசிறி

> ஒரு பிட் புரண்டாலும் ஃபிரேம் குப்பைக்கு

பிட் புரள்கிறது என்று விவரம் தெரிந்த யாரும் சொல்லவில்லை நண்பரே. ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கே இழுத்து வருகிறீர்கள். சொல்வது இரண்டு: ஒன்று கிளாக், இன்னொன்று மின் இரைச்சல். உங்கள் தொட்டிக் கணக்கிலேயே கேட்கிறேன், தண்ணீர் சீராக வரட்டும், மோட்டாரின் கரண்ட் கசிந்து குழாயைத் தொட்டால் சுர்ரென்று அடிக்காதா?

#5 சால்டரிங் புகை

மேலே இருவரும் சொன்னது அவரவர் எல்லைக்குள் சரி. கிளாக், மின் இரைச்சல் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் இந்தச் சண்டை தீருவதே இல்லை. பிரித்துப் பார்ப்போம். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளாக். இந்தப் பயத்துக்கு நியாயமான ஒரு பூர்வீகம் உண்டு. எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் ஆடியோ கேபிளில் டேட்டாவும் கிளாக்கும் ஒன்றாகவே பயணிக்கும். டாக் உள்ளே இருக்கும் பிஎல்எல் என்ற சுற்று அந்த ஓட்டத்திலிருந்தே கிளாக்கை மீட்டெடுக்க வேண்டும். அனுப்பும் பெட்டியில் ஜிட்டர் (கிளாக்கின் நேரத் தடுமாற்றம்) இருந்தால் டாக்கிலும் அது தெரியும். பழைய சிடி டிரான்ஸ்போர்ட் காலத்து ஜிட்டர் கவலை கற்பனை அல்ல.

ஈதர்நெட்டில் அந்தத் தொடர்பே இல்லை. சுவிட்சில் கிளாக்காக இருப்பது பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அது கம்பியில் பிட் அனுப்ப மட்டும்தான். சுவிட்ச் ஒரு ஃபிரேமை வாங்கிச் சரிபார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் தன் கிளாக்கில் வெளியே தள்ளுகிறது. ஸ்ட்ரீமரும் அதே மாதிரி வாங்கி நினைவகத்தில் போடுகிறது. ஒலியாக மாற்றும் நேரத்தைத் தீர்மானிப்பது டாக் உள்ளே இருக்கும் வேறொரு கிரிஸ்டல்: 44.1 கிலோஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கொண்ட பாட்டுகளுக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576. அசின்க்ரனஸ் யூஎஸ்பி டாக் என்றால், இவ்வளவு வேகத்தில் டேட்டா கொடு என்று அதுதான் ஸ்ட்ரீமருக்கு உத்தரவு போடும். சுவிட்சின் கிளாக்குக்கு அங்கே வேலையே இல்லை.

விளம்பரங்களில் '0.1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ' (வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் கிரிஸ்டல்) என்று பார்ப்பீர்கள். பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்பது சராசரி அதிர்வெண் எவ்வளவு துல்லியம் என்பதற்கான அளவு. ஜிட்டருக்குப் பார்க்க வேண்டியது ஃபேஸ் நாய்ஸ், அதாவது கிளாக் கணத்துக்குக் கணம் எவ்வளவு ஆடுகிறது என்பது. ஈதர்நெட் தரம் 100 பிபிஎம் வரை விலகலை அனுமதிக்கிறது, அதிலும் ஒரு பிட் தவறுவதில்லை. ஆகவே அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். 10 மெகாஹெர்ட்ஸ் வெளிக் கிளாக்குக்குத் துளை வைத்திருப்பதும் இதே கதைதான், ஒரு பெட்டி வாங்கினால் இன்னொரு பெட்டி வாங்கத் தோன்றும்.

இரைச்சல். இங்கே வால்வு விசிறிக்குப் பாதி மதிப்பெண் தருவேன். இரண்டு முள் கொண்ட சிறிய அடாப்டர்களில் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே ஒய் கெபாசிட்டர் என்ற ஒரு சிறு பாகம் இருக்கும். அதனால் வெளியீடு மின்சாரத்தின் பாதி வோல்டேஜில் மிதக்கும். 2.2 நானோஃபாரட், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றால் அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர் அளவுக்குக் கசிவு. சில பெட்டிகளின் உலோக உடம்பைப் புறங்கையால் தடவும்போது நமநமவென்று இருக்கிறதே, அதுதான் இது.

இந்தக் கசிவு நெட்வொர்க் கேபிளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு ஈதர்நெட் போர்ட்டிலும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 1500 வோல்ட் தாங்கும் தனிமைப்படுத்தல் வேண்டும் என்பது ஐஇஇஇ 802.3 விதி. 50 ஹெர்ட்ஸ் ஹம் அதைத் தாண்டத் திணறும். ஆனால் அடாப்டர் ஸ்விட்ச் செய்யும்போது எழும் உயர் அதிர்வெண் குப்பைக்கு அந்தச் சுருள்களுக்கு இடையே உள்ள சிறிய கெபாசிட்டன்ஸே போதும். தாண்டினால் பாதை இது: ஸ்ட்ரீமர் கிரவுண்ட், யூஎஸ்பி கேபிளின் கிரவுண்ட், டாக் கிரவுண்ட், ஆர்சிஏ ஆடியோ கேபிளின் ஷீல்டு (உலோக உறை), ஆம்ப்.

அதாவது பாதை உண்மையிலேயே இருக்கிறது. அதில் வருவது காதுக்கு எட்டும் அளவா என்பதுதான் கேள்வி. அது சுவிட்சைவிட டாக்கைப் பொறுத்தது. யூஎஸ்பி உள்ளீட்டில் ஐசொலேஷன் (மின் தனிமைப்படுத்தல்) உள்ள டாக்கோ, கேபிளில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் எக்ஸ்எல்ஆர் இணைப்போ இருந்தால் அநேகமாகப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். சில டாக் விற்பவர்கள் தங்கள் வேலையைச் சுவிட்ச் விற்பவர் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

#6 புதுக்காது

நன்றி, இதை இரண்டு முறை படித்தேன். ஒரு சின்னச் சந்தேகம். கேபிளையும் ஷீல்டு உள்ள கேட் 7 ஆக மாற்றிவிடலாமா?

#7 சால்டரிங் புகை

வேண்டாம். ஷீல்டு இரண்டு பக்கமும் உலோகப் பிளக்கில் சேர்ந்தால், டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்த தனிமையைச் சுற்றிக்கொண்டு நீங்களே ஒரு கம்பி போட்ட மாதிரி ஆகும். கிரவுண்ட் லூப்புக்கு (கிரவுண்டுகள் வளையமாகச் சேர்ந்து ஹம் வருவது) வெற்றிலை பாக்கு. ஸ்ட்ரீமருக்கு முந்தைய கடைசிக் கேபிளாவது ஷீல்டு இல்லாத சாதாக் கேட் 5இ அல்லது கேட் 6 ஆக இருக்கட்டும். 100 மீட்டர் வரை கிகாபிட்டுக்கு 5இ போதும்.

#8 நள்ளிரவு ராகம்

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மின் இரைச்சல்தான் பிரச்சினை என்றால் கம்பியே வேண்டாமே. இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (கம்பி சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பக் கம்பிக்கும் மாற்றும் டப்பா), நடுவில் கண்ணாடி ஃபைபர். ஒளியில் கிரவுண்ட் ஏது? ஆடியோ சுவிட்ச் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ஸ்ட்ரீமரில் வைஃபை இருந்தால் அதுவும் இல்லை, சும்மா கேபிளைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

#9 பேக்கெட் பிடிப்பவன்

ஃபைபர் நல்ல சோதனை. ஒரே திருத்தம்: ஸ்ட்ரீமர் பக்கத்து கன்வெர்ட்டருக்கும் ஓர் அடாப்டர் இருக்கிறது, அங்கிருந்து ஸ்ட்ரீமருக்கு ஒரு முழம் செம்புக் கேபிளும் இருக்கிறது. ரவுட்டர், நாஸ் பக்கத்துக் குப்பை நிற்கும், இந்த அடாப்டரின் குப்பை நிற்காது. எஸ்எஃப்பி துளை (ஃபைபரை நேரே இணைக்கும் இடம்) உள்ள ஸ்ட்ரீமர் என்றால்தான் முழுசாகத் துண்டிப்பு.

அப்புறம் புதுக்காது கேட்டலிஸ்ட் 2960 பற்றிக் கேட்டிருந்தார். எட்டு போர்ட் மாடலில் விசிறி கிடையாது, போர்ட்டுகள் பெரும்பாலும் 100 மெகாபிட். பவர் சப்ளை உள்ளேயே, மூன்று முள். அதாவது உடம்பு கிரவுண்டில் கட்டப்பட்டது. சிலருக்கு அமைதியாகத் தோன்ற அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்காரர்களைக் குழப்பும் ஒன்று உண்டு: ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டா என்று பார்க்கும் வசதி) இருப்பதால், கேபிளைச் செருகிய பிறகு போர்ட் திறக்க 30 நொடி ஆகும். அதற்குள் ஸ்ட்ரீமர் 'நெட்வொர்க் இல்லை' என்று கைவிரித்துவிடும். அந்த போர்ட்டில் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் அமைப்பு) போட வேண்டும். இதெல்லாம் தெரியாமல் வாங்கினால் ஒலியைக் கேட்கும் முன்பே வெறுத்துவிடுவீர்கள்.

#10 மேடைக்குப் பின்னால்

லைவ் சவுண்ட், ஸ்டுடியோ வேலை செய்கிறேன். சுவிட்ச் முக்கியமே இல்லை என்று இங்கே படித்துவிட்டு யாரும் எங்கள் பக்கம் வந்துவிடாதீர்கள். டான்டே, ஏஇஎஸ்67 (நேரடி ஒலியை நெட்வொர்க்கில் அனுப்பும் முறைகள்) இரண்டிலும் கிளாக் நெட்வொர்க் வழியேதான் போகிறது. பிடிபி என்ற நெறிமுறையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே தலைமைக் கிளாக்கைப் பின்தொடரும். ஆடியோ யூடிபி என்ற நெறிமுறையில் போகும், விழுந்த பேக்கெட் விழுந்ததுதான், திரும்பக் கேட்க நேரமில்லை. பஃபர் (முன்கூட்டிச் சேர்த்து வைப்பது) சில மில்லிநொடி, சமயத்தில் ஒன்றுக்கும் கீழே.

அதனால் நாங்கள் சுவிட்ச் பார்த்து வாங்குவோம். ஆனால் பார்ப்பது எதை? கியூஓஎஸ் (பேக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தரும் வசதி) இருக்கிறதா, பிடிபி பேக்கெட்டுகளுக்கு முதல் வரிசை, ஆடியோவுக்கு அடுத்த வரிசை கொடுக்க முடிகிறதா, மின்சாரம் சேமிக்கும் ஈஈஈ வசதியை அணைக்க முடிகிறதா. டான்டேயை உருவாக்கிய ஆடினேட்டே ஈஈஈயை அணைக்கச் சொல்கிறது. இத்தனை கறாரான இடத்திலும் நாங்கள் வாங்குவது அலுவலகத்தில் போடும் சாதா மேனேஜ்டு சுவிட்ச்தான் (அமைப்புகளை மாற்றக்கூடிய வகை). கிளாக் நிஜமாகவே கம்பியில் போகும் துறையில் தனிக் கிரிஸ்டல் சுவிட்சை யாரும் தேடவில்லை, போகாத துறையில் தேடுகிறார்கள். வேடிக்கைதான்.

#11 வால்வு விசிறி

மேடைக்குப் பின்னால் சொன்னது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்பது ஹால் முழுக்க, நான் கேட்பது நள்ளிரவில் அமைதியான அறையில். இரைச்சல் 'ஸ்ஸ்' என்று தனியாகக் கேட்காது, பாட்டோடு கலந்து அதன் முனைகளை மழுக்கும் என்பது என் வாதம்.

#12 சால்டரிங் புகை

கலந்து மழுக்கினால் அது அளவில் தெரிந்தாக வேண்டும். டாக்குக்கு ஜே-டெஸ்ட் என்ற ஜிட்டர் சோதனை சிக்னல் கொடுத்து வெளியீட்டைப் பார்த்தால், 44.1இல் 11.025 கிலோஹெர்ட்ஸ் கோட்டுக்கு இருபுறமும் குட்டிக் கோடுகள் முளைக்க வேண்டும், அல்லது இரைச்சலின் அடித்தளம் உயர வேண்டும். ஆடியோ சயின்ஸ் ரிவ்யூ தளத்தில் ஈதர்ரீஜென்னை இப்படி அளந்தபோது, டாக்கின் அனலாக் வெளியீட்டில் மாற்றம் ஒன்றும் கிடைக்கவில்லை. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 'அந்த டாக் நல்ல டாக், அதனால் தெரியவில்லை' என்பது அவர்கள் சொன்னதில் ஒன்று. எனக்கு அதுவே பதிலாகப் படுகிறது.

வீட்டிலேயே செய்ய இன்னொரு வழி: ஒரு நல்ல ஏடிசியில் (அனலாக் சிக்னலை டிஜிட்டலாக்கும் கருவி) டாக்கின் வெளியீட்டை ஒரே பாட்டுக்கு, சுவிட்ச் அ, சுவிட்ச் ஆ என்று பதிவு செய்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. டாக்கும் ஏடிசியும் தனித்தனிக் கிளாக்கில் ஓடுவதால் நேரடியாகக் கழித்தால் குப்பைதான் மிஞ்சும். டெல்டாவேவ் மென்பொருள் அந்த நகர்வைச் சரிசெய்துவிட்டுக் கழிக்கும். அ-வையே இரண்டு முறை பதிந்து கழித்ததையும் பக்கத்தில் வையுங்கள். அது இல்லாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

#13 நள்ளிரவு ராகம்

அளவெல்லாம் சரி, காதால் கேட்டே தீர்மானிக்க வேண்டுமென்றால்? கண்ணை மூடிக்கொண்டு கேட்பது என்றாலே பலருக்குக் கோபம் வருகிறது.

#14 பேக்கெட் பிடிப்பவன்

கோபத்துக்குக் காரணம் உண்டு. சுவிட்ச் மாற்றினால் ஸ்ட்ரீமர் மறுபடி இணைய நேரம் பிடிக்கும். அதற்குள் முதலில் கேட்டது மங்கிவிடும். ஆகவே #12இல் சொன்ன பதிவுகளை ஏபிஎக்ஸ் (எது எது என்று காட்டாமல் ஒப்பிட வைக்கும்) மென்பொருளில் போட்டு நொடியில் மாற்றி மாற்றிக் கேட்பது நியாயமான வழி. ஏடிசி எதையோ விழுங்கிவிட்டது என்று வாதாடலாம், வாதாடட்டும்.

நேரடியாகத்தான் செய்வேன் என்றால் கேபிள் மாற்ற வேறொருவர் வேண்டும். முக்கியமான தந்திரம்: மாற்றாத சுற்றிலும் அவர் பிடுங்கித் திரும்பச் செருக வேண்டும். இல்லையென்றால் சத்தத்தையும் நேரத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். 16 சுற்றில் 12 சரி என்றால், சும்மா குருட்டாம்போக்கில் அது வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் கீழே. 10இல் 8 என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதற்கான குருட்டு வாய்ப்பு 5 சதவீதத்துக்குக் கீழே வராது.

#15 வால்வு விசிறி

16 சுற்று உட்கார்ந்தால் இசையை மறந்து பரீட்சை எழுதுகிற பயம்தான் வரும். எனக்கு வேண்டாம். ஈதர்ரீஜென் பெட்டி நன்றாகக் கட்டப்பட்டது, ஒருபக்கம் நான்கு கிகாபிட் போர்ட், மறுபக்கம் தனியாகப் பிரித்த ஒரு 100 மெகாபிட் போர்ட், இந்தப் பொறியியல் எனக்குப் பிடித்திருக்கிறது. விற்கப்போவதில்லை. புதுக்காதுக்கு மட்டும் சொல்கிறேன்: குறையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு அறையில் ஒரு கனமான கம்பளமும் திரைச்சீலையும் போட்டால் இதைவிட அதிகம் கேட்கும்.

#16 மேடைக்குப் பின்னால்

கடைசி வரிக்கு இரண்டு கையும் தட்டுகிறேன்.

மேனேஜ்டு சுவிட்ச் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (குழுச் செய்திகளை வேண்டிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) ஆன் செய்துவிட்டு, நெட்வொர்க்கில் குவெரியர் (யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்கும் பெட்டி) எதுவும் இல்லாமல் விட்டால், சில நிமிடம் கழித்து ஸ்ட்ரீமர் செயலியிலிருந்து காணாமல் போகும். ஸ்ட்ரீமரைத் தேடிக் கண்டுபிடிக்கும் செய்திகள் மல்ட்டிகாஸ்ட்டில் (குழுச் செய்தியாக) போவதால் வரும் வினை. 'ஸ்ட்ரீமர் கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் நிறைய இதுதான். ஸ்னூப்பிங், குவெரியர் இரண்டையும் வையுங்கள், அல்லது ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுங்கள். வீட்டு அளவுக்கு அணைப்பது போதும்.

#17 புதுக்காது

சரி, முடிவெடுத்துவிட்டேன். இப்போதைக்கு ஆடியோ சுவிட்ச் இல்லை. முதலில் கேபிள் பிடுங்கும் சோதனை. அப்புறம் பாட்டை நிறுத்தி, வழக்கமான வால்யூமில் ட்வீட்டர் அருகே காதை வைத்து, நெட்வொர்க் கேபிளோடும் இல்லாமலும் கேட்பேன். அதில் ஏதாவது கேட்டால்தான் ஃபைபர். கன்வெர்ட்டர் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

#18 பேக்கெட் பிடிப்பவன்

பிடுங்குவதை ஸ்ட்ரீமர் முனையில் பிடுங்குங்கள். ரவுட்டர் முனையில் பிடுங்கினால் சுவிட்ச் இன்னும் இணைப்பில்தான் இருக்கும், சோதனையே வீண்.

கன்வெர்ட்டர் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்று மல்ட்டிமோட், இன்னொன்று சிங்கிள்மோட் (ஃபைபரின் இரு வகைகள்) என்றால் பேசாது. ஃபைபரும் அதே வகை, டூப்ளெக்ஸ் (இரட்டை இழை), முனைப் பிளக் எல்சியா எஸ்சியா என்று பார்த்து வாங்குங்கள். பல கன்வெர்ட்டர்கள் 1000 மெகாபிட் மட்டுமே பேசும். உங்கள் ஸ்ட்ரீமரில் 100 மெகாபிட் போர்ட் என்றால் லிங்க் விளக்கே எரியாது. மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.